எவ்வளவு செலவு செய்வீர்கள்?

2021 சட்டமன்றத் தேர்தல் முடிவுகளை மாவட்டவாரியாகப் பிரித்து வரைபடத்தில் வண்ணம் தீட்டிப் பார்த்தால், இது ஒரே மாநிலம்தானா என்ற சந்தேகம் வரும். சென்னையில் 16 தொகுதிகள், பதினாறும் தி.மு.க. கூட்டணிக்கு. கோவையில் 10, பத்தும் அ.தி.மு.க. கூட்டணிக்கு. திருச்சியில் ஒன்பதும் ஒரு பக்கம் என்றால் தருமபுரியில் ஐந்தும் மறுபக்கம். சேலத்தில் பதினொன்றில் பத்து அ.தி.மு.க. அணிக்குப் போக, சேலம் வடக்கு ஒன்றுதான் தி.மு.க.வுக்கு மிஞ்சியது. மாநிலம் முழுக்க 159-க்கு 75 என்று ஆட்சியே மாறிய தேர்தலில், மேற்கில் சில மாவட்டங்கள் மட்டும் அசையாமல் நின்றன.

இந்த வரைபடத்தின் மேல் இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும்: எந்த மாவட்டத்தில் எவ்வளவு பணம் இறங்கியது என்ற வரைபடம். அது யாரிடமும் இல்லை. நம்மிடம் இருப்பது துண்டு துக்காணிக் கணக்குகள்தான். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் பறக்கும் படைகளும் வருமான வரித்துறையும் பிடித்த ரொக்கம், தங்கம், மது, பரிசுப்பொருள்களின் மதிப்பு 446 கோடி ரூபாய். அதே நேரத்தில் தேர்தல் நடந்த நான்கு மாநிலங்களிலும் புதுச்சேரியிலும் சேர்த்துப் பிடிபட்டதே ஆயிரம் கோடியைச் சற்றுத் தாண்டியதுதான். அதில் ஏறக்குறைய பாதி நம்முடையது.

இவ்வளவு பணம் முடிவை மாற்றியதா? வரைபடத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பணம் ஆளுங்கட்சியிடம்தான் கூடுதலாக இருக்கும் என்பது ஊரறிந்த கணக்கு. ஆனாலும் சென்னையிலும் திருவள்ளூரிலும் திருச்சியிலும் கரூரிலும் அன்றைய ஆளுங்கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. வடக்கிலும் டெல்டாவிலும் கூட்டணிக் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. மேற்கில் சமூகக் கணக்கும், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி எங்கள் ஊர்க்காரர் என்ற எண்ணமும் மறுபக்கம் சாய்த்தன. இரு தரப்பும் கவர் கொடுத்த தெருக்களில் ஒரு கவரை இன்னொரு கவர் சமன் செய்துவிடுகிறது. மக்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு, தாங்கள் ஏற்கெனவே முடிவு செய்த சின்னத்தில் குத்துகிறார்கள்.

அப்படியென்றால் பணத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அது ஓட்டுப்பெட்டிக்கு அருகில் வேலை செய்வதைவிட, அதற்கு ஆறு மாதம் முன்பே, கட்சி அலுவலகத்தின் நேர்காணல் அறையில் வேலை செய்துவிடுகிறது. யார் ஜெயிப்பார் என்பதைப் பணம் எப்போதாவதுதான் தீர்மானிக்கிறது. யார் நிற்கலாம் என்பதைக் கிட்டத்தட்ட எப்போதும் அதுதான் தீர்மானிக்கிறது. எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

திருமங்கலத்திலிருந்து ஆர்.கே. நகர் வரை

2009 ஜனவரி 9 அன்று நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்கு முன்பும் தமிழ்நாட்டில் ஓட்டுக்குப் பணம் இருந்தது. குடத்துக்குள் சேலையும், வெற்றிலை பாக்கோடு நூறு ரூபாயும் பழைய கதைகள். திருமங்கலத்தில் மாறியது அளவும் முறையும். வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஆள் போட்டு, வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணி, கொடுத்ததற்கு எதிரே டிக் அடிக்கும் நிர்வாகமாகப் பட்டுவாடா மாறியது. தி.மு.க. 39,266 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. நாளிதழுக்குள் கவர் வைத்து ஓட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுக்கப்பட்டதாக அமெரிக்கத் துணைத் தூதரகம் வாஷிங்டனுக்கு எழுதிய தகவலை, விக்கிலீக்ஸ் வழியாக 2011 மார்ச்சில் ‘தி இந்து’ வெளியிட்டது. அதன் பிறகு ‘திருமங்கலம் ஃபார்முலா’ தமிழக அரசியலில் நிரந்தரச் சொல்லாகிவிட்டது. கண்டிப்பவர்களும் அதைச் சொன்னார்கள், பின்பற்றியவர்களும் அதையே சொன்னார்கள்.

2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதிகளிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை முதலில் தள்ளிவைத்தது, பிறகு ரத்தே செய்தது. பணத்துக்காக ஒரு சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு ரத்தானது. அப்போதைய அமைச்சர் ஒருவர் தொடர்புடைய இடங்களில் நடந்த சோதனையில் 89 கோடி ரூபாய் விநியோகக் கணக்கு சிக்கியதாக வருமான வரித்துறை தெரிவித்திருந்தது. 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதிக்கும் அதே கதி. மூன்று ஆண்டுகளில் நான்கு தொகுதிகள்.

ரத்தால் என்ன மாறியது என்று பார்த்தால் மனம் சோர்கிறது. அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் 2016 நவம்பரில் தேர்தல் நடந்தது. முதலில் நின்றவர்களே மறுபடி நிற்கத் தடை ஏதும் இருக்கவில்லை, ஆளுங்கட்சியே வென்றது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ என்ற பிரிவு இருக்கிறது. பணத்துக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. 324-வது அரசியலமைப்புப் பிரிவின் பொது அதிகாரத்தைக் கொண்டுதான் ஆணையம் இந்த உத்தரவுகளைப் போட்டது. 58பி என்று ஒரு புதிய பிரிவு வேண்டும் என ஆணையம் கேட்டும் மத்திய அரசு அசையவில்லை. லஞ்சம் கொடுத்ததற்கான தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. இவ்வளவு பெரிய குற்றத்துக்கு இவ்வளவு சிறிய தண்டனை வைத்திருக்கும் சட்டத்தை யார் மதிப்பார்கள்?

அதே ஆர்.கே. நகரில் 2017 டிசம்பரில் மறுபடி தேர்தல் வந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. ஆளுங்கட்சி தோற்றது. சுயேச்சையாகக் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார், தி.மு.க. டெபாசிட்டை இழந்தது. இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்து ஜெயித்தார்கள் என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டியது, தினகரன் தரப்பு மறுத்தது. உண்மை எதுவானாலும், அதிகாரமும் அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னமும் கையில் இருந்தவர்கள் அங்கே தோற்றார்கள். கையில் இருக்கும் பணம் வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கு அரசியல்வாதிகளே ஒப்புக்கொள்ளும் சான்று அது. ஆனால் அதிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் செலவைக் குறைப்பது அல்ல, கூட்டுவது.

ஓட்டு வித்தியாசம் மயிரிழையாக இருக்கும் இடங்கள் வேறு கதை. 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்குகள். 2021-ல் தி.நகரில் 137, மொடக்குறிச்சியில் 281, தென்காசியில் 370. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின், ஒரு சின்ன தெருவின் ஓட்டு அது. இங்கெல்லாம் பணம் முடிவை மாற்றியிருக்க முடியாது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தச் சில தொகுதிகளின் பயம்தான் 234 தொகுதிகளிலும் பணத்தை இறக்க வைக்கிறது. அவர்கள் கொடுத்து நாம் கொடுக்காமல் போய், அந்த ஐந்நூறு ஓட்டில் தோற்றுவிட்டால்?

கோவையை மறுபடி பார்ப்போம். 2021 மே மாதம் பத்துக்குப் பத்து எடுத்த அ.தி.மு.க. அணி, 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் 100 வார்டுகளில் மூன்றைத்தான் பிடித்தது. தி.மு.க. கூட்டணிக்கு 96. ஒன்பதே மாதத்தில்! கொலுசும் ஹாட் பாக்ஸும் வீடு வீடாக இறங்கின என்று அ.தி.மு.க. சாலையில் உட்கார்ந்து போராடியது. நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். ஆட்சி கை மாறினால் அமைப்பு கை மாறுகிறது, ஒப்பந்தக்காரர்கள் பக்கம் மாறுகிறார்கள், அவர்களோடு பணமும் போகிறது. உள்ளூர் மன்றத்தில் ஆளுங்கட்சிக்காரர் இருந்தால்தான் வேலை நடக்கும் என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. பணம் அதிகாரத்தின் பின்னால் போகிறது. அதிகாரத்தை உண்டாக்குவது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று.

டீ, வடை, பிரியாணி

சட்டம் செலவை எப்படி எண்ணுகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தேர்தல் அறிவித்ததும் ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் கட்சிக்காரர்களை அழைத்து ஒரு விலைப்பட்டியலை முடிவு செய்கிறார். ஒரு டீ என்ன விலை, ஒரு வடை என்ன விலை, சைவச் சாப்பாடு, மட்டன் பிரியாணி, தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் நாற்காலி வாடகை, ஷாமியானா, மைக் செட், டிரம் செட், கட்சித் துண்டு, பொன்னாடை, சரவெடி, வாகன வாடகை... மாவட்டத்துக்கு மாவட்டம் விலை மாறும். வேட்பாளர் என்ன விலை கொடுத்து வாங்கினார் என்பது பிரச்னையே இல்லை. கூட்டத்தில் ஆயிரம் நாற்காலி கிடந்தால், பட்டியல் விலைப்படி ஆயிரம் நாற்காலி வாடகை அவர் கணக்கில் ஏறும்.

வேட்பாளருக்கு ஒரு பதிவேடு கொடுப்பார்கள். அன்றாடச் செலவுக்கு வெள்ளைப் பக்கங்கள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக் கணக்குக்கு மஞ்சள். பிரசாரக் காலத்தில் மூன்று முறையாவது அதை எடுத்துக்கொண்டு செலவினப் பார்வையாளரிடம் போய் நிற்க வேண்டும். எதிரே அதிகாரிகளிடம் ஒரு நிழல் பதிவேடு இருக்கும். வீடியோ குழு ஒவ்வொரு கூட்டத்தையும் படம் பிடித்து வர, இன்னொரு குழு அதைப் போட்டுப் பார்த்து நாற்காலியையும் கொடியையும் காரையும் எண்ணி எழுதும். இரண்டு பதிவேடும் ஒத்துப் போகாவிட்டால் நோட்டீஸ். முடிவு வந்த 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் தாக்கல் செய்யாவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை.

இந்த வேலையைச் செய்யும் வருவாய்த்துறை ஊழியர்களையும் கணக்குத் தணிக்கைக்காரர்களையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொளுத்தும் வெயிலில் தூக்கமில்லாமல் உழைக்கிறார்கள். ஆனால் அவர்கள் எண்ணுவது எண்ணக்கூடியதை மட்டும். 2021-ல் ஒரு சட்டமன்ற வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 30.80 லட்சம் ரூபாய். 2022 ஜனவரியில் அது 40 லட்சமானது. இரவு பதினோரு மணிக்குத் தெருவிளக்கு அணைந்த பிறகு நடக்கும் செலவுக்கு வெள்ளைப் பக்கமும் இல்லை, மஞ்சள் பக்கமும் இல்லை. 2014 மக்களவைத் தேர்தலில் வென்றவர்கள் தாக்கல் செய்த கணக்குகளை ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் ஆராய்ந்தபோது, சராசரியாக உச்சவரம்பில் 58 சதவீதம்தான் செலவழித்ததாக அவர்கள் எழுதியிருந்தார்கள். நாடு முழுவதும் வேட்பாளர்கள் சிக்கனமாகிவிட்டார்களாம்! அதற்கு முந்தைய ஆண்டுதான், 25 லட்சம் உச்சவரம்பு இருந்த 2009 தேர்தலில் தனக்கு எட்டு கோடி செலவானதாக பா.ஜ.க. தலைவர் கோபிநாத் முண்டே மும்பை மேடையில் பகிரங்கமாகச் சொல்லி, ஆணையத்தின் நோட்டீஸைச் சந்தித்தார்.

வேட்பாளர் கணக்காவது ஒரு வரம்போடு இருக்கிறது. கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில்தான் சேர வேண்டும் என்று 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. பிற்பாடு ஓரளவு இறுக்கினார்கள். ஆனாலும் நட்சத்திரப் பேச்சாளரின் ஹெலிகாப்டரும், மாநிலம் முழுக்க ஓடும் டி.வி. விளம்பரமும் இன்னமும் கட்சிக் கணக்குதான். கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை, தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த பிறகே ஓரளவு பார்த்தோம். தி.மு.க.வுக்குப் பத்திரங்கள் வழியாக வந்தது 656.5 கோடி, அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து, ஃபியூச்சர் கேமிங். 2003 முதல் லாட்டரி தடை செய்யப்பட்ட மாநிலம் இது. கொடுத்தவர்களின் பெயரைத் தானாகச் சொன்ன சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். அ.தி.மு.க. வாங்கியது 6.05 கோடி. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் பத்திரத்தையே தொடவில்லை.

இந்தச் செலவுக் கண்காணிப்புச் சல்லடையில் உண்மையில் மாட்டுவது யார்? தேர்தல் காலத்தில் ஈரோட்டுக்கு ஒரு நடை போனால் தெரியும். ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோகக் கூடாது. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடி நல்ல மாடு அந்தத் தொகையைத் தாண்டும். மாட்டை விற்றுவிட்டு மடியில் பணத்தோடு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் போகும் விவசாயியிடம் எந்த ரசீது இருக்கும்? கேரளத்திலிருந்து ஜவுளி வாங்க வரும் வியாபாரி சோதனைச் சாவடிக்குப் பயந்து வருவதையே நிறுத்திக்கொள்கிறார், சந்தை காற்று வாங்குகிறது. பறிமுதல் ஆன பணத்தைத் திரும்பப் பெற அவர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். அரசியல் பணமோ அறிவிப்பு வருவதற்கு முன்பே ஒன்றியத்துக்கும் கிளைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வாசலிலேயே நிற்கும் பெண்கள்

இனி நேர்காணல் அறைக்கு வருவோம். சீட் கேட்பவர் முதலில் விருப்ப மனு வாங்க வேண்டும். 2021-ல் அதற்கு தி.மு.க.வில் பொதுத் தொகுதிக்குக் கட்டணம் 25,000 ரூபாய், அ.தி.மு.க.வில் 15,000. தேர்தல் ஆணையம் வாங்கும் டெபாசிட்டே பத்தாயிரம்தான், அதுவும் ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்கினால் திரும்பி வரும். விருப்ப மனுப் பணம் பொதுவாகத் திரும்பாது. பிறகு நேர்காணல். எத்தனை முறை சிறை சென்றீர்கள், தொகுதியில் என்ன செய்தீர்கள் என்ற கேள்விகளுக்குப் பிறகு வருவது, ‘எவ்வளவு செலவு செய்வீர்கள்?’ இந்தக் கேள்வியைப் பற்றி அறியாத கட்சிக்காரர் தமிழ்நாட்டில் இல்லை. பதில் சொல்ல முடியாதவர் முப்பது ஆண்டு கொடி பிடித்திருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

விளைவு சட்டமன்றத்திலேயே தெரிகிறது. 2016-ல் தேர்வான எம்.எல்.ஏ.க்களில் 76 சதவீதம் பேர் கோடீஸ்வரர்கள். 2021-ல் 86 சதவீதம். அவர்களே பிரமாணப் பத்திரத்தில் எழுதிய சொத்துக்கணக்கு இது. இன்னொரு எண் இதைவிட என்னை உறுத்துகிறது. 2021-ல் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர். இதே மாநிலத்தில்தான் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஊராட்சித் தலைவராக, ஒன்றியக் கவுன்சிலராக ஐந்தாண்டு குடிநீரையும் சாலையையும் நூறு நாள் வேலையையும் நிர்வகித்துப் பழகிய ஆயிரக்கணக்கான பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் சட்டமன்றப் படியேறுபவர் அபூர்வம். திறமையில் குறை இல்லை, அனுபவத்திலும் குறை இல்லை. நிலமும் நகையும் வீட்டின் கையெழுத்தும் அவர்கள் பெயரில் இல்லை. செலவுக் கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடிவதில்லை.

விதிவிலக்குகள் இருக்கின்றன, அவற்றை மதிக்கிறேன். 2021-ல் திருத்துறைப்பூண்டி தனித் தொகுதியில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் மாரிமுத்து 30,000-த்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றபோது, அவர் குடியிருந்த குடிசை வீட்டைப் பத்திரிகைகள் படம்பிடித்துப் போட்டன. விவசாயத் தொழிலாளர் சங்கம் ஆழ வேரோடிய மண் அது. அமைப்பு இருக்கும் இடத்தில் கவர் இல்லாமலும் ஓட்டு கேட்க முடிகிறது. ஆனால் அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2019 மக்களவைத் தேர்தலுக்கு இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்ததாக தி.மு.க. தன் செலவுக் கணக்கில் எழுதியது. பெரிய கட்சியின் கஜானா இல்லாமல் சின்னக் கட்சி ஒரு தொகுதியில்கூட ஓட முடியாத அளவுக்கு விலை ஏறிவிட்டது. கூட்டணிப் பேச்சில் தொகுதி எண்ணிக்கையோடு இதுவும் பேசப்படுகிறது என்றால் அந்தச் சின்னக் கட்சி எந்த அளவுக்கு நிமிர்ந்து பேசும்? 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 234-லும் தனியாக நின்று, பாதி இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்து, 30 லட்சம் வாக்குகளுக்கு மேல் வாங்கியது. ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அதன் அரசியலோடு எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் பல. ஆனால் காசு கொடுக்காத ஒரு சின்னத்துக்கு 30 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பதை யாரும் தள்ளிவிட முடியாது.

வாக்காளரைத் திட்டுவது எளிது. நூறு நாள் வேலைச் சம்பளத்துக்கு வங்கி வாசலில் நிற்கும் ஒரு பெண், வீடு தேடி வரும் இரண்டாயிரத்தை ஏன் மறுக்க வேண்டும் என்று என்னால் கேட்க முடியவில்லை. வாங்காவிட்டால் எதிர்க்கட்சிக்காரி என்ற முத்திரை விழும். நாளைக்கு முதியோர் பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் போய் நிற்பது இதே கிளைச் செயலாளர் வீட்டு வாசலில்தான். கொடுப்பவர் கையில் பட்டியல் இருக்கிறது, அதில் டிக் இருக்கிறது. வாங்குவது பல வீடுகளில் ஆசையால் அல்ல, பாதுகாப்புக்காக. கேள்வி கேட்க வேண்டியது அந்தப் பட்டியலைத் தயாரித்தவரிடம்.

விக்கிரவாண்டியை 2024-லும் ஈரோடு கிழக்கை 2025-லும், பணநாயகம் என்று சொல்லி அ.தி.மு.க. புறக்கணித்தது. ஆட்சியில் இருந்தபோது அதே கட்சி எல்லா இடைத்தேர்தலிலும் எப்படி நடந்துகொண்டது என்பது மக்களுக்கு நினைவிருக்கிறது. யார் எதிர்க்கட்சியோ அவர்கள் மட்டும் பேசும் விஷயமாக இது இருக்கும்வரை சட்டம் மாறாது. வேட்பாளர்களுக்கு அரசே பொருளாக உதவலாம் என்று இந்திரஜித் குப்தா குழு 1998-லேயே பரிந்துரைத்தது. இன்றுவரை அது காகிதத்தில்தான். அதைவிட எளிதாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன: கட்சிச் செலவுக்கு ஒரு வரம்பு, 58பி போன்ற ஒரு பிரிவு, தேர்தல் ரத்துக்குக் காரணமானவர் அதே தொகுதியில் மறுபடி நிற்பதற்குத் தடை.

இன்னொன்றுக்குச் சட்டத்திருத்தம்கூட வேண்டாம். ஒவ்வொரு வேட்பாளரின் கணக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் இருக்கிறது. தேர்தல் நடத்தை விதி 88-ன்படி ஒரு ரூபாய் கட்டினால் யாரும் அதைப் பார்வையிடலாம். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்திலும் கையெழுத்துப் பக்கங்களாக ஸ்கேன் செய்து போடுகிறார்கள். அவற்றைக் கூட்டி, எந்த மாவட்டத்தில் எந்தக் கட்சி எதற்கு எவ்வளவு காட்டியது, நிழல் பதிவேடு அதிலிருந்து எங்கெல்லாம் வேறுபட்டது, எந்தத் தொகுதியில் எவ்வளவு பறிமுதல் ஆனது, அந்த வழக்குகள் என்ன ஆயின என்று ஒரே அட்டவணையாகத் தேர்தல் ஆணையம் வெளியிட வேண்டும். அதற்கான தகவல் முழுவதும் அதன் அலமாரிகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஆணையம் செய்யும்வரை, உங்கள் தொகுதியில் நின்றவரின் வெள்ளைப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் தெருவுக்கு வந்த கூட்டத்துக்கு அதில் எத்தனை நாற்காலி எழுதியிருக்கிறார்கள் என்பதை, அந்தக் கூட்டத்தில் நின்றவர் என்ற முறையில், உங்களைவிடச் சரியாகச் சொல்லக்கூடிய பார்வையாளர் வேறு யாரும் இல்லை.